சரளைச் சாலையில் இரண்டு ரக்அத்



பயணத் தொழுகைப் பாடத்தை நான் இருபது ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். மயிலாப்பூரில் எங்கள் மதரஸாவின் மாடியறையில் கரும்பலகையின் குறுக்கே ஒரு கோடு கிழிப்பேன். ஒரு முனையில் சென்னை, நடுவில் செங்கல்பட்டு, மறுமுனையில் விழுப்புரம். "செங்கல்பட்டுக்குப் போனவர் கஸ்ர் செய்யலாமா?" என்று கேட்பேன். "கூடாது ஹஜ்ரத்!" என்று பிள்ளைகள் கூவுவார்கள். "விழுப்புரத்துக்குப் போனவர்?" "செய்யலாம் ஹஜ்ரத்!" ஷாஃபிஈ மத்ஹபில் ஏறத்தாழ 80 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணம் என்றால் நான்கு ரக்அத் தொழுகையை இரண்டாகச் சுருக்கலாம்; லுஹரையும் அஸரையும், மக்ரிபையும் இஷாவையும் சேர்த்துத் தொழலாம். பாடம் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.

பாடம் நடத்திய நான் அந்தச் சலுகையை எடுத்துக்கொண்டதே இல்லை. ஊருக்கு ரயிலில் போகும்போதும், திருமணங்களுக்காகப் பேருந்தில் போகும்போதும், நான்கையும் நான்காகவே தொழுவேன். அதற்கு எங்கள் மத்ஹபில் இடமுண்டு. எனவே யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் என் உள்ளத்தில் இருந்தது மத்ஹபு மட்டுமன்று என்பது எனக்கும் என் இறைவனுக்கும் தெரியும். 'எனக்குத் தெம்பு இருக்கிறது. சலுகை பலவீனர்களுக்கு' என்ற ஓர் எண்ணம் அடியில் படிந்து கிடந்தது. அதைப் பேணுதல் என்று பெயரிட்டு வைத்திருந்தேன்.

அந்த எண்ணம் எனக்கு எங்கே உடைந்தது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். 2022 ஆகஸ்ட் இறுதியில், லடாக்கின் கார்கிலிலிருந்து ஜான்ஸ்கர் பள்ளத்தாக்கின் பதும் என்ற ஊருக்குச் செல்லும் சாலையில், மோட்டார் சைக்கிளில் தனியாகப் போனேன்.

'தனியாகவா?' என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். தனித்துப் பயணம் செய்வதில் உள்ளதைத் தாம் அறிந்ததுபோல் மக்களும் அறிந்திருந்தால் எவரும் இரவில் தனியே வாகனத்தில் போகமாட்டார்கள் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்த செய்தி புகாரியில் இருக்கிறது. அதையும் நான் பாடமாக நடத்தியவன். உண்மையில் இருவராகப் போகத்தான் திட்டமிட்டோம். சக ஆசிரியர் ஒருவரும் நானும் மூன்று ஆண்டுகளாகப் பேசிப் பேசி, விடுப்பெடுத்து, வண்டிகளை ரயில் பார்சலில் அனுப்பும் நாளும் குறித்துவிட்டோம். புறப்பட ஒரு வாரம் இருக்கையில் அவருடைய தாயாருக்கு உடல்நலம் குன்றியது. அவர் நின்றுவிட்டார். நானும் நின்றிருக்க வேண்டும். "இன்னொரு வருஷம் போனா என்ன? அந்த மலை எங்கேயும் ஓடிடாது" என்றார் என் மனைவி. நான் கேட்கவில்லை. பூமியில் பயணம் செய்து பார்க்குமாறு குர்ஆன் அழைப்பதை எடுத்துக்காட்டி வாயடைத்தேன். மனம் விரும்பியதற்கு ஆயத்தைத் துணைக்கு அழைப்பது ஆலிம்களுக்கு எளிது, இறைவன் மன்னிக்கட்டும்.

என் வண்டி பழையது, 150 சிசி. அடையாற்றில் ஒரு மெக்கானிக் இருக்கிறார். என்னிடம் ஓதியவரின் தந்தை. எஞ்சினைப் பிரித்துச் சேர்த்து, சங்கிலியை மாற்றி, இருக்கைக்கடியில் ஏதோ ஒரு துணிப்பொட்டலத்தைக் கட்டிவைத்தார். "ஹஜ்ரத், கிளச் கம்பியும் லீவரும் ஒண்ணு கூடுதலா வெச்சிருக்கேன். அங்கெல்லாம் கிடைக்காது" என்றார். "இவ்வளவு எதற்குப் பாய்? வண்டிதான் புதிதுபோல் ஆகிவிட்டதே" என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் இன்னொரு முடிச்சுப் போட்டார்.

கம்பளி உடை வாங்கத் தி.நகருக்குப் போனேன். சென்னையின் வெயிலில் கையுறையும் காதுமூடிய தொப்பியும் போட்டுப் பார்த்துவிட்டு ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் வெளியே வந்தபோது, வாப்பா வேலை பார்த்த துணிக்கடை இருந்த பக்கம் கால் தானாகத் திரும்பியது.

வாப்பா அந்த வட்டாரத்தில் முப்பத்தைந்து ஆண்டுகள் துணிக்கடை ஊழியராக இருந்தார். காலை ஒன்பதரைக்கு நிற்கத் தொடங்கினால் இரவு ஒன்பதரைக்குத்தான் உட்கார முடியும். வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் உட்காரக் கூடாது என்பது அன்றைய கடைகளின் எழுதாத விதி. கடைகளில் ஊழியர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று தமிழகத்தில் சட்டத் திருத்தம் வந்தது 2021-இல். அதைப் பார்க்க வாப்பா இல்லை. அதற்கு முந்தைய ஆண்டே இறைவனிடம் சென்றுவிட்டார். நின்று நின்று தேய்ந்த முழங்கால்கள் கடைசி ஐந்து ஆண்டுகளில் அவரைப் படுத்திய பாட்டை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். பார்த்துக்கொண்டுதான் அந்தச் சொல்லைச் சொன்னேன்.

உம்மா அவருக்காக மடக்கு நாற்காலி ஒன்றை வாங்கி வைத்திருந்தார்கள். வாப்பா அதில் அமர்ந்து தொழுதார். நான் அதைப் பார்த்து, "வாப்பா, ஃபர்ளுத் தொழுகையில் நிற்பது கடமை. உங்களால் கொஞ்சம் நிற்க முடிகிறதே, மாடிப்படி ஏறுகிறீர்களே, முயற்சி செய்யுங்கள்" என்றேன். கிதாபில் இருப்பதைத்தான் சொன்னேன். கடுமையான வேதனை உள்ளவர் அமர்ந்து தொழலாம் என்பதும் அதே கிதாபில், அதே பக்கத்தில் இருக்கிறது. எது வேதனை, எது சோம்பல் என்று நான் தீர்மானித்தேன். நாற்காலியை மடக்கிப் பரணில் போட்டதும் நான்தான்.

"சரி வாப்பா. நீ ஓதினவன், நீ சொன்னாச் சரிதான்" என்றார். பிள்ளையையும் 'வாப்பா' என்றழைப்பது எங்கள் வழக்கம். சில வாரங்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று தொழுதார். ஒருநாள் ஸுப்ஹில் இரண்டாம் ரக்அத்துக்கு எழ முயன்றவர் பக்கவாட்டில் சாய்ந்துவிட்டார். எலும்பு முறியவில்லை. ஆனால் அதற்குப் பின் அவர் தரையில் பாய் விரித்து அமர்ந்தே தொழுதார். நான் அறைக்குள் வந்தால் மட்டும் எழ முயல்வதுபோல் கையை ஊன்றுவார். நான் எதுவும் சொல்லவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. சட்டத்தைச் சொன்னதற்கு மன்னிப்பு எதற்கு என்று நினைத்தேன்.

இந்த நினைவோடு கையுறைப் பையைத் தூக்கிக்கொண்டு வீடு திரும்பினேன். சில நாள்களில் ரயில் ஏறி ஜம்மு போய்ச் சேர்ந்தேன்.

ஜம்முவில் இறங்கியதும் செல்பேசி செத்துவிட்டது. ஜம்மு காஷ்மீரிலும் லடாக்கிலும் வெளி மாநிலத்துப் பிரீபெய்ட் சிம் வேலை செய்யாது. போஸ்ட்பெய்டுக்கு மாறவேண்டும் என்று தெரிந்தும் சோம்பலால் விட்டிருந்தேன். கடைக்காரர்களிடம் பேசிக் கெஞ்சி, ஒருநாள் விட்டு ஒருநாள் வீட்டுக்கு ஒரு வார்த்தை சொல்லிக்கொண்டு ஸ்ரீநகர், சோனமார்க் வழியாக ஸோஜிலா கணவாயைக் கடந்தேன். கணவாய்க்கு இந்தப் பக்கம் பசுமையான காடு. அந்தப் பக்கம் மழை மறந்த வெற்று மலை. திராஸ் கடந்து கார்கிலில் இரண்டு இரவு தங்கினேன். கடல்மட்டத்திலேயே வாழ்ந்தவன் 2,700 மீட்டர் உயரத்தில் படியேறினாலே மூச்சிரைக்கிறது; உடல் பழகுவதற்கு அவகாசம் தரவேண்டும்.

கார்கிலிலிருந்து பதும் சுமார் 230 கிலோமீட்டர். பெயரளவில் தேசிய நெடுஞ்சாலை 301. சுரு ஆற்றின் கரையோடு தெற்கே போகும் சாலை, சங்கூ, பனிக்கர் வரை ஓரளவு நன்றாக இருந்தது. இருபுறமும் அறுவடைக்கு நிற்கும் பார்லி வயல்கள், பாப்லர் மரங்கள், தகரக் கூரையில் மினாரா வைத்த பள்ளிவாசல்கள். அந்தப் பள்ளத்தாக்கில் வாழ்பவர்கள் பெரும்பாலும் ஷியா முஸ்லிம்கள். குழந்தைகள் சாலையோரத்தில் நின்று கையுயர்த்தி ஸலாம் சொல்வார்கள். 'வ அலைக்குமுஸ்ஸலாம்' என்று பதில் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டது. அப்படி வறள்வது இன்பமாகவும் இருந்தது.

பனிக்கரை நண்பகலில் அடைந்தேன். 7,000 மீட்டருக்கு மேல் உயர்ந்த நுன், குன் என்ற இரு சிகரங்களும் அந்தப் பகுதிக்குக் காவல் நிற்கின்றன. ஓடைநீரில் ஒளூ செய்தேன், விரல்கள் மரத்தன. திசைகாட்டியை வைத்துக் கிப்லாவைப் பார்த்தேன். சென்னையில் மேற்கிலிருந்து சற்று வடக்கே சாய்ந்து நிற்போம். அங்கே மேற்கிலிருந்து சற்றுத் தெற்கே சாயவேண்டும். அந்தச் சிறிய திருப்பத்தில்தான் எவ்வளவு தூரம் வந்துவிட்டேன் என்பது உறைத்தது. அப்படியிருந்தும் லுஹரை நான்கு ரக்அத்தாகவே தொழுதேன். மூவாயிரம் கிலோமீட்டர் கடந்தும் பழைய பெருமை கூடவே வந்திருந்தது.

பனிக்கருக்கு அப்பால் தாரின் சுவடு குறைந்தது. சாலையை அகலப்படுத்தும் பணி நடந்துகொண்டிருந்ததால் இருந்த பாதையும் கிளறப்பட்டுக் கிடந்தது. கைப்பிடி அளவுக் கற்கள், அவற்றினிடையே மாவுபோன்ற தூசி. எதிரே ஒரு லாரி வந்தால் ஐந்து நிமிடம் உலகமே மறையும். முகத்தைத் துடைத்துத் துடைத்துத் துண்டு சாம்பல் நிறமாகிவிட்டது. பல்லிடுக்கிலும் இமையிலும் தூசி. 'யா அல்லாஹ், இந்தத் தூசியிலிருந்து விடுதலை கொடு' என்று நான் முனகியது நினைவிருக்கிறது.

பர்காச்சிக் என்ற ஊர்தான் சுரு பள்ளத்தாக்கில் முஸ்லிம்களின் கடைசி ஊர். அதைத் தாண்டினால் ரங்தும் சமவெளி வரை அநேகமாக ஆளில்லாத நிலம். பர்காச்சிக்கைக் கடந்து ஒரு மணி நேரம் போயிருப்பேன். பனி உருகி வந்த ஓடை ஒன்று சாலையின் குறுக்கே ஓடியது. காலையில் வற்றிக் கிடக்கும் இத்தகைய ஓடைகள் வெயில் ஏற ஏறப் பெருகும் என்று கார்கிலில் சொல்லியிருந்தார்கள். தண்ணீரைத் தாண்டிவிட்டேன். தாண்டிய நிம்மதியில் வேகத்தைக் கூட்டியபோது, ஈரச் சக்கரம் சரளையில் வழுக்கியது. வண்டி வலப்பக்கம் சரிந்து சுழன்று, முன்பக்கம் ஒரு பாறையில் மோதி நின்றது. வலது கணுக்கால் அதன் அடியில்.

காலை இழுத்துக்கொண்டேன். வண்டியின் கிளச் லீவர் முறிந்திருந்தது. எழுந்து நிற்கப் பார்த்தேன்; கணுக்கால் தாங்கவில்லை. நேரம் மூன்றரை. ஆறு வெகு கீழே பள்ளத்தில் இரைந்துகொண்டிருந்தது. செல்பேசியை எடுத்துப் பார்த்தேன், அது ஏற்கெனவே செத்தது என்பதை மறந்து.

அந்த முதல் ஒரு மணி நேரத்தில் எந்த வண்டியும் வரவில்லை. காற்று மட்டும் வந்தது. முன்பு சொன்ன நபிமொழியின் பொருள் எனக்கு அப்போது புரிந்தது. இரண்டாமவர் ஒருவர் இருந்திருந்தால் அது ஒரு சிறிய விபத்து. தனியாக இருப்பவனுக்கு அதே விபத்து, இரவு எப்படிக் கழியும் என்ற கேள்வி.

அஸர் நேரம் வந்தது. பாட்டிலில் அரை லிட்டருக்கும் குறைவான தண்ணீர். இரவு அங்கேயே கிடக்க நேர்ந்தால் குடிக்க அது ஒன்றுதான். ஆற்றில் இறங்கக் கால் இல்லை. குடிநீர்த் தேவைக்காகத் தண்ணீரை ஒதுக்கிவைக்க வேண்டியவர் தயம்மும் செய்யலாம் என்று நானே எத்தனை முறை கரும்பலகையில் எழுதியிருப்பேன்! எழுதியிருக்கிறேனே தவிர, நாற்பத்தைந்து வயது வரை தேவைக்காக ஒருமுறைகூடத் தயம்மும் செய்ததில்லை. மாணவர்களுக்குக் காட்டுவதற்காகச் செய்ததுண்டு. பிஸ்கட் டப்பாவில் மண் நிரப்பி வைத்திருப்போம்.

சாலையோரத்தில் அந்த மாவுத் தூசி திட்டாகப் படிந்திருந்தது. நிய்யத்து வைத்து உள்ளங்கைகளை அதில் அடித்தேன். அதிகப்படியை ஊதிவிட்டு முகத்தைத் தடவினேன். மீண்டும் அடித்துக் கைகளை முழங்கைவரை தடவினேன். காலையிலிருந்து எந்தத் தூசியைச் சபித்துச் சபித்துத் துடைத்தேனோ, அதே தூசியை இப்போது நானே எடுத்து என் முகத்தில் பூசிக்கொண்டேன். அது என்னைத் தூய்மையாக்கிவிட்டது என்று என் மார்க்கம் சொல்கிறது. அழுகை வந்தது. பயத்தினால் வந்த அழுகை என்றுதான் முதலில் நினைத்தேன்.

தொழுவதற்கு எழுந்தேன். பாறையைப் பிடித்துக்கொண்டு இடது காலில் நின்று தக்பீர் கட்டக் கையை உயர்த்தினேன். பாறையை விட்டதும் உடல் ஆடியது. வலது கால் தரையில் பட்டதும் வலி தலைவரை ஏறியது. பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தேன்.

வாப்பா விழுந்தது அதே பக்கம்தான்.

சற்று நேரம் அப்படியே கிடந்தேன். மூல நோயால் துன்புற்ற இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு, நின்று தொழுமாறும், இயலாவிட்டால் அமர்ந்தும், அதுவும் இயலாவிட்டால் ஒருக்களித்தும் தொழுமாறு நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியது நினைவுக்கு வந்தது. அதோடு இன்னொரு செய்தியும் வந்தது. அபூதாவூதில் இருக்கிறது, நான் பலமுறை நடத்தியது. பயணத்தில் ஒருவருக்குத் தலையில் காயம், குளிப்புக் கடமையாகிவிட்டது. தயம்மும் செய்யலாமா என்று தோழர்களிடம் கேட்டார். தண்ணீர் இருக்கும்போது உமக்குச் சலுகை இல்லை என்றார்கள். அவர் குளித்தார், இறந்துபோனார். செய்தி எட்டியபோது நபி (ஸல்) அவர்கள் அந்தத் தோழர்கள்மீது கடுமையாகக் கோபப்பட்டார்கள். அவர்களே அவரைக் கொன்றுவிட்டதாகச் சொன்னார்கள். மார்க்கத்தைப் பேணுவதாக எண்ணித்தான் அவர்கள் அந்தப் பதிலைச் சொன்னார்கள். இந்த ஹதீஸை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் அந்தத் தோழர்களின் இடத்தில் வேறு யாரையோ வைத்துத்தான் நடத்தியிருக்கிறேன்.

அமர்ந்து தொழுதேன், இரண்டு ரக்அத். ஸஜ்தாவில் வாப்பாவுக்காக நான் கேட்டதை இங்கே எழுதத் தேவையில்லை.

ஆறு மணி சுமாருக்கு ஒரு பிக்கப் வண்டி ரங்தும் பக்கமிருந்து வந்தது. சாலைப் பணியாளர்களை ஏற்றிவந்த வண்டி. ஓட்டியவர் அறுபது வயதைத் தொட்ட பர்காச்சிக்காரர். இறங்கி, என் தாடியையும் தொப்பியையும் பார்த்து, "அஸ்ஸலாமு அலைக்கும்" என்றார். நான் மதரஸாக்களில் பொறுக்கிய அரைகுறை உருதுவில் விவரம் சொன்னேன். நால்வராக என் வண்டியைத் தூக்கிப் பின்னால் ஏற்றினார்கள். என்னையும் ஏறக்குறைய அப்படித்தான் ஏற்றினார்கள்.

அவர் வீட்டில் மூன்று இரவுகள் தங்கினேன். வெண்ணெயும் உப்பும் போட்டுக் கடைந்த தேநீரைக் கிண்ணம் வற்ற வற்ற ஊற்றினார்கள். உலர்ந்த வாதுமைப்பழமும் பார்லி ரொட்டியும் தந்தார்கள். அவருடைய மகன் என் வண்டியைத் துருவி, இருக்கைக்கடியில் அடையாற்று மெக்கானிக் கட்டிய துணிப்பொட்டலத்தைக் கண்டெடுத்தான். "மௌலவி ஸாஹிப், லீவர் உங்களிடமே இருக்கிறதே!" என்றான். வேண்டாம் என்று நான் சொன்ன பொருள் அது.

முதல் இரவில் நடந்த ஒன்றைச் சொல்லவேண்டும். மக்ரிப் நேரம். வீட்டு ஆண்கள் தொழுகைக்கு ஆயத்தமானார்கள். அவர்கள் கைகளைக் கட்டாமல் தொங்கவிட்டு, நெற்றி படும் இடத்தில் சிறு களிமண் வில்லையை வைத்துத் தொழுபவர்கள். நான் என் முறைப்படி தொழுபவன். ஒரே அறையில் ஆளுக்கொரு பக்கம் இடம் பிடித்தோம். மாலையில் ஆளில்லாத மலையில் அமர்ந்து தொழுதவன், இப்போது நாலு பேர் முன்னால் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். 'மௌலவி' என்று அழைத்துவிட்டார்களே! கால் நடுங்கியது. பெரியவர் பார்த்துவிட்டார். வந்து என் தோளில் கைவைத்து அழுத்தி உட்காரவைத்தார். ஒரு தலையணையைக் காலுக்கடியில் கொடுத்தார். "உட்காருங்கள் மௌலவி ஸாஹிப். கொடுத்தவனே கொடுத்திருக்கிறான். வாங்கிக்கொள்வதில் என்ன வெட்கம்?" என்றார்.

சாலையில் கல் உடைப்பவர்களை ஏற்றி இறக்கும் மனிதர் அவர். உமர் (ரலி) அவர்களின் ஹதீஸ் அவருக்குத் தெரியுமோ தெரியாதோ. அச்சம் நீங்கிய பின்னும் ஏன் தொழுகையைச் சுருக்குகிறோம் என்று உமர் (ரலி) அவர்கள் கேட்டபோது, அது அல்லாஹ் உங்களுக்கு அளித்த தர்மம், அவனது தர்மத்தை ஏற்றுக்கொள்ளுங்கள் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் பதிலளித்ததாக முஸ்லிமில் பதிவாகியிருக்கிறது. 'ஸதகா' என்பது அங்கே வரும் சொல். அந்தச் சொல்லின் இலக்கணத்தை மாணவர்களுக்கு விளக்கியிருக்கிறேன். ஸதகா கொடுப்பவனின் கையை யாராவது தட்டிவிடுவார்களா என்று மட்டும் நான் யோசித்ததில்லை. இருபது ஆண்டுகள் ரயிலிலும் பேருந்திலும் நான் அந்தக் கையைத் தட்டிவிட்டேன். என் தந்தைக்கு நீட்டப்பட்டபோதும் குறுக்கே நின்று தட்டிவிட்டேன்.

நான்கு முழு நாள்களுக்குக் குறைவாகத் தங்க எண்ணியவன் எங்கள் மத்ஹபில் பயணியாகவே கருதப்படுகிறான். எனவே அந்த மூன்று நாளும் கஸ்ரும் ஜம்உம் செய்தே தொழுதேன். அமர்ந்தே தொழுதேன்.

மூன்றாம் நாள் பெரியவர் தம் பிக்கப்பில் என்னையும் ஏற்றிக்கொண்டு பென்ஸி லா கணவாய்வரை அழைத்துப்போனார். 4,400 மீட்டர் உயரம். அதன் மறுபுறத்தில் திராங்-துருங் பனியாறு வளைந்து இறங்கிக் கிடக்கிறது; வெண்மையான ஒரு நெடுஞ்சாலை மலையிலிருந்து புறப்பட்டு வருவதுபோல. அதன் வாயிலிருந்து ஓர் ஆறு தொடங்கிப் பதும் நோக்கிப் போகிறது. குளிர்காலத்தில் பனி இந்தக் கணவாயை மூடிவிடும். அப்போது அப்பள்ளத்தாக்கு மக்கள் உறைந்த ஜான்ஸ்கர் ஆற்றின்மீதே நடந்து வெளியுலகுக்குப் போய் வருவார்கள் என்று அவர் சொன்னார். இன்னும் ஏறத்தாழ 90 கிலோமீட்டர் போனால் பதும். போகவில்லை. என் கால் போதும் என்றது. நானும் போதும் என்றேன். வண்டியோரம் அமர்ந்து லுஹர் இரண்டு, அஸர் இரண்டு தொழுதுவிட்டுத் திரும்பினோம். புறப்படும்போது கொஞ்சம் பணத்தை நீட்டினேன். பெரியவர் வாங்கவில்லை. "துஆ செய்யுங்கள், பயணியின் துஆ ஏற்கப்படும்" என்றார்.

வீடு திரும்பி, மனைவியிடம் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் கணுக்காலைப் பார்த்துவிட்டு, "அந்தப் பெரியவர் வீட்டுக்கு ஏதாவது அனுப்புங்க" என்று மட்டும் சொன்னார். பிறகு உம்மாவிடம் போனேன். வாப்பா விழுந்த நாளைப் பற்றிப் பேசினேன். உம்மா நெடுநேரம் பேசாமல் இருந்தார்கள். "அவங்க ஒன்மேல ஒரு நாளும் வருத்தப்படல. 'புள்ள நம்ம தொழுகை கெட்டுடக் கூடாதுன்னு சொல்றான்'னுதான் சொல்வாங்க" என்றார்கள். அவர் வருத்தப்படாமல் இருந்ததுதான் எனக்கு இன்றும் கனமாக இருக்கிறது.

பரணில் ஏறி அந்த மடக்கு நாற்காலியை இறக்கினேன். தூசி படிந்திருந்தது. துடைத்தேன்.

அது இப்போது எங்கள் பள்ளிவாசலின் பின்வரிசையில் இருக்கிறது. மக்ரிபுக்குப் பின் நடக்கும் பெரியவர்கள் வகுப்புக்கு வருபவர்களில் ஒருவர், வாப்பாவைப் போலவே நின்று வேலை பார்த்தவர், சென்ற ஆண்டு தயங்கித் தயங்கி என்னிடம் கேட்டார்: "ஹஜ்ரத், எனக்கு நிக்க முடியுது. ஆனா ருகூவு போய் நிமிர்றதுக்குள்ள உயிர் போகுது. உக்காந்தா தொழுகை கூடுமா?" சட்டத்தை அவருக்கு விரிவாகச் சொன்னேன்: முடிந்த நிலையில் நிற்பதன் கடமை, முடியாத நிலையில் உள்ள அனுமதி, வேதனையை அளந்து சொல்லும் உரிமை நோயாளிக்கும் அவரை அறிந்த மருத்துவருக்கும் உண்டு என்பது, எல்லாவற்றையும். சொல்லிவிட்டு எழுந்துபோய் நாற்காலியை நானே எடுத்துவந்து விரித்தேன்.

நம் வீடுகளில் இப்படி எத்தனையோ பேர் இருக்கிறார்கள். மாத்திரையோடு நோன்பு பிடிக்கும் தாய், கர்ப்பத்தில் தலைசுற்றும் மகள், முழங்கால் தேய்ந்த தந்தை. ஓதியவர் சொன்னால் மறுபேச்சில்லாமல் கேட்பவர்கள் அவர்கள். அவர்களுக்கு இறைவன் தந்திருக்கும் சலுகையை நாம் சொல்லிக் கொடுக்காவிட்டால் அவர்கள் நம்மிடம் கேட்கவும் மாட்டார்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள்.

இவ்வாண்டும் பயணத் தொழுகைப் பாடம் வந்தது. கோட்டின் மறுமுனையில் விழுப்புரத்துக்குப் பக்கத்தில் 'பர்காச்சிக்' என்றும் எழுதினேன். அது எங்கே இருக்கிறது ஹஜ்ரத் என்று பிள்ளைகள் கேட்டார்கள். அரை மணி நேரப் பாடம் அன்று ஒன்றரை மணி நேரம் ஆனது.

யா அல்லாஹ், என் தந்தையின் மண்ணறையை விசாலமாக்குவாயாக. அந்த மலையூர்ப் பெரியவருக்கும் அவர் குடும்பத்தாருக்கும் பரக்கத் செய்வாயாக. நீ எளிதாக்கியதைக் கடினமாக்குபவர்களாக எங்களை ஆக்கிவிடாதே. ஆமீன்.